இரவல் காவலர்கள்

அந்தக் காவல் நிலையத்துக்குப் பதினோரு பேர் வேண்டும் என்று அரசாங்கமே முடிவு செய்திருந்தது. இருந்தது மூன்று பேர். ஒருவர் முதுகுவலியில் படுத்துவிட்டார். இன்னொருவர் கோர்ட்டுக்குப் போய்விட்டால் மிச்சம் சப்-இன்ஸ்பெக்டர் அம்மா மட்டும்தான். புகார் எழுதுவதும் அவரே, விசாரிக்க ஓடுவதும் அவரே, பிடித்து வந்தவனுக்குத் தண்ணீர் கொடுப்பதும் அவரே. கடைத்தெருவில் அவருக்கு ‘ஒண்டிக்கட்டை’ என்றே பெயர். பஸ் ஓட்டுநரான அவர் கணவருக்கு அதைக் கேட்டால் மூக்குக்கு மேல் கோபம் வரும்.

“நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன், ஒண்டிக்கட்டையாம்!”

“நீங்க இருக்கீங்க. நான்தான் வீட்டுல இருக்கறதே இல்லையே.”

ஆள் கேட்டு எழுதும்போதெல்லாம் ‘நிதி இல்லை’ என்றே பதில் வந்தது. அவருடைய அண்ணன் மகள் போலீஸ் தேர்வில் தேறியும், சம்பளத்துக்குப் பணம் ஒதுக்காததால் ஒரு வருஷமாக வீட்டில் கிடந்தாள். “ஓடி ஓடி வாங்கின வேலை அத்தை, இப்போ உட்கார்ந்தே தேயுது” என்பாள்.

அந்த நேரத்தில்தான், எங்கே எத்தனை பேருக்குப் பணம் ஒதுக்குவது என்று பார்க்க ஒரு குழு வருவதாகத் தகவல் வந்தது. முந்தின நாள் மாலை நிலையத்து வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. பக்கத்து நிலையங்களிலிருந்து எட்டுக் காவலர்கள் இறங்கினார்கள். அம்மா உடனே மேலதிகாரிக்குப் போன் செய்தார்.

“நாளைக்கு ஸ்டேஷன் நிறைஞ்சு இருக்கணும்மா. காலியா கிடந்தா எனக்குத்தான் தலைகுனிவு.”

“நிறைஞ்சிருக்குன்னு காட்டினா எதுக்கு சார் ஆள் தருவாங்க? இவங்க இங்க நின்னா இவங்க ஸ்டேஷனை யார் பார்க்கறது?”

“சொன்னதைச் செய்.”

“மாட்டேன் சார்.”

வந்தவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து, வேனைத் திருப்பி அனுப்பினார். அதில் இருந்த வயதான ஏட்டு தயங்கி நின்றார்.

“உங்க வேலைக்கே உலை வெச்சுக்காதீங்கம்மா.”

“வெச்சா வெக்கட்டும். தூங்கவாவது செய்வேன்.”

மறுநாள் மேலதிகாரியோடு குழு வந்தது. காலி நாற்காலிகளில் தூசி படிந்திருந்தது.

“எல்லாரும் ரோந்துல இருக்காங்க” என்றார் மேலதிகாரி, கொஞ்சமும் கூசாமல்.

“இல்லைங்க. யாருமே இல்லை. ரோந்தும் நான்தான்” என்றார் அம்மா.

அப்போது போன் அடித்தது. கடைத்தெருவில் அடிதடி, ஒருவனுக்கு மண்டை உடைந்துவிட்டதாம். அம்மா தொப்பியை மாட்டிக்கொண்டார்.

“எல்லாரும் வெளியே வாங்க. பூட்டணும்.”

“எங்களையா?” என்றார் குழுத் தலைவர்.

“உள்ளே துப்பாக்கி இருக்கு. காவலுக்கு ஆள் இல்லாம திறந்து போட முடியாது.”

பூட்டிவிட்டு ஸ்கூட்டரில் பறந்தார். பெரிய மனிதர்கள் வெயிலில் நின்றார்கள். சங்கிலியைப் பறிகொடுத்த பெண் ஒருத்தி அழுதுகொண்டே வந்து கதவைத் தட்டினாள்.

“போலீஸ் எங்க?”

“நாங்க... நிலைமையைப் பார்க்க வந்தவங்க” என்று இழுத்தார் தலைவர்.

“பார்த்து என்ன கிழிக்கப் போறீங்க?”

சீருடையில் நின்ற பாவத்துக்கு மேலதிகாரியே முழங்காலில் காகிதத்தை வைத்துப் புகாரை எழுதினார்.

அம்மா இரண்டு பேரை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். அவர் சட்டை தோளில் கிழிந்திருந்தது. தலைவர் மெதுவாகக் கேட்டார்.

“எத்தனை பேர் வேணும்?”

“எட்டு. ஏழுன்னா ஒத்துக்க மாட்டேன்.”

அந்த வாரமே தண்டனையாக இடமாற்ற உத்தரவு வந்தது. ஆனால் புது ஆள் வந்து பொறுப்பேற்ற பிறகுதானே அவர் கிளம்ப முடியும்? அனுப்ப ஆள் இல்லை. உத்தரவு அப்படியே தூங்கிப்போனது. கணவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

குழு கடைசியில் பணம் ஒதுக்கியது, கேட்டதில் பாதிக்கு. அண்ணன் மகளுக்கு வேறொரு ஊரில் வேலை கிடைத்தது. அம்மாவின் நிலையத்துக்கு நான்கு இளம் காவலர்கள் வந்தார்கள். அன்றைக்கே அவர் மேலதிகாரியின் அறைக்குப் போய் நின்றார்.

“அதான் நாலு பேர் வந்தாச்சே, இன்னும் என்னம்மா?”

“மீதி நாலு சார்” என்று சொல்லி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.