மூணு சொம்பு தண்ணி

நேற்று மத்தியானம் என் வீட்டுக்காரி பருப்புச் சட்டியைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேராக நீட்டினாள். "ஒண்ணரை மணி நேரமா கொதிச்சிக்கினு கீது, இன்னும் வேவல. லாரித் தண்ணியில இன்னாத்தக் கலக்குறானுங்களோ" என்றாள். திட்டியது லாரிக்காரனை. தலையைக் குனிந்துகொண்டது நான். ஊரில் யார் வீட்டில் பருப்பு வேகாவிட்டாலும் என்னைத்தான் சொல்கிறார்கள் என்று தோன்றும். இந்த வியாதி எனக்கு எப்படி வந்தது என்று உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன்.

ஐம்பதுகளின் தொடக்கம் அது. திருவொற்றியூரில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனியில் நான் தற்காலிக டைம் ஆபீஸ் குமாஸ்தா. யார் யார் தாமதமாக வருகிறார்கள் என்று எழுதுவதுதான் வேலை. அந்த வேலைக்கே நான் தினமும் தாமதமாகத்தான் போவேன். கல்யாணம் ஆகவில்லை. சாப்பாடு கனகம் அக்கா வீட்டில். அக்காவின் புருஷன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அவர் போய்ச்சேர்ந்த பிறகு கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு வாடகை வீட்டில் அக்கா கம்பெனி ஆட்களுக்குச் சோறு போட ஆரம்பித்தாள். முப்பது பேர் இருப்போம். கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாலும் கந்தக வாடை போகாது. ஆனால் அக்கா பூண்டு தட்டிப் போட்ட பருப்பை ஒரு கரண்டி ஊற்றிவிட்டால் அப்புறம் கந்தகமாவது ஒன்றாவது.

அந்தப் பருப்பின் ரகசியம் அக்காவின் கைப்பக்குவம் இல்லை, கொல்லைக் கிணறு. கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தது. தெருவில் மற்ற கிணறுகளில் எல்லாம் வாய் கொப்பளிக்கக்கூட முடியாத உப்பு. இந்த ஒன்றில் மட்டும் இளநீர் மாதிரி தண்ணீர். ஆனால் அதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. கயிற்றில் அக்கா ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள். வாளி தண்ணீரைத் தொடும்போது அந்த முடிச்சு கைக்கு வந்துவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான், மறுநாள் ஊறும்வரை யாரும் இறைக்கக் கூடாது. "மேலதாண்டா நல்ல தண்ணி. அடியில சமுத்திரம் கீது. ரொம்ப நோண்டினா மேல வந்துடும்" என்பாள். நான் அவளைக் கேலி செய்வேன். நான் யாரைத்தான் கேலி செய்யவில்லை.

பௌர்ணமிக்கு ஊருக்குள் வெளியாட்கள் வருவார்கள். காலையில் மேலூர் அம்மன், உச்சிவேளையில் எங்கள் ஊர் வடிவுடையம்மன், சாயங்காலம் திருமுல்லைவாயல் அம்மன். ஒரே நாளில் மூன்றையும் பார்த்துவிட வேண்டும். எங்கள் ஊர் நடுவில் இருந்ததால் சரியாக மண்டை பிளக்கிற வெயிலில் வந்து இறங்குவார்கள். தாகம் என்று யார் வந்து நின்றாலும் எங்கள் தெருவில் அன்றைக்கு இல்லை என்று சொல்லமாட்டார்கள். மாட்டுவண்டியில் வந்த காலத்தில் இருபது முப்பது பேர்தான். அக்கா சிரித்த முகத்தோடு ஊற்றுவாள். அப்புறம் ஆட்கள் பஸ்ஸை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு வர ஆரம்பித்தார்கள்.

அப்படி ஒரு பஸ்ஸில் வந்தார் வண்ணாரப்பேட்டை ஜவுளிக்கடைக்காரர் ஒருவர். நல்ல கனமான சரீரம். அக்கா கொடுத்த சொம்பை ஒரே மூச்சில் காலி செய்துவிட்டு, வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"கல்கண்டு மாதிரி கீதே தண்ணி! இன்னும் முல்லைவாயல் வேற போவணுமாப்பா? என்னால ஆவாது."

நான் கை கழுவிக்கொண்டிருந்தேன். சும்மா இருந்திருக்கலாம்.

"எதுக்கு நைனா போவணும்? மத்தியானத்துல அம்மனே இங்கதான் தாகத்துக்கு வர்றா. இந்தத் தண்ணிய மூணு சொம்பு குட்ச்சா மூணு கோயிலும் பார்த்த கணக்கு."

முப்பது பேரும் சோற்றுப் பருக்கை தெறிக்கச் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. இன்னும் இரண்டு சொம்பு வாங்கிக் குடித்தார். அவர் பின்னால் நின்ற பஸ் டிரைவரும் சிரிக்கவில்லை. முல்லைவாயல் போகாவிட்டால் அவனுக்கு எவ்வளவு நேரம் மிச்சம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த பௌர்ணமிக்கு மூன்று பஸ். நேராக அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றன. ஆளுக்கு மூணு சொம்பு, வீட்டில் இருக்கிற கிழவிக்கு ஒரு பாட்டில். முடிச்சு எப்போதோ கையைத் தாண்டிப் போயிருந்தது.

நான் வாசலில் குறுக்கே நின்றேன். "ஐயா, அம்மா, அது நான் சும்மா சொன்னது! அம்மனும் வர்ல, ஆட்டுக்குட்டியும் வர்ல!"

ஒரு பெரியவர் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "பார்த்தீங்களா, இவருதான் அவரு. வெளிய தெரியக்கூடாதுன்னு எப்டி மறைக்கிறாரு பாருங்க." பத்துப் பதினைந்து பேர் என் காலில் விழுந்தார்கள். அப்போது என் இடுப்பில் கட்டம் போட்ட லுங்கி, காதில் செருகிய பீடி. டைம் ஆபீஸில் ஒரு ப்யூன்கூட எனக்கு வணக்கம் வைத்ததில்லை.

போன மாதம் வந்த அந்த டிரைவரைப் பிடித்தேன். "நீயாவது சொல்லேன் மாமு, பொய்யின்னு."

"சொன்னா கேப்பாங்களா? போன வாட்டி மூணு சொம்பு குட்ச்சவருக்குப் பேரன் பொறந்துட்டான். நீ எதுக்கு பேஜாராவுற? உன் வாய்க்கு பவர் கீதுன்னு சந்தோசப்படு."

உள்ளே ஓடினேன். "கதவைச் சாத்துக்கா."

அக்கா வியர்வையைத் துடைத்துக்கொண்டு இறைத்துக்கொண்டே இருந்தாள். "தாகம்னு வந்தவங்கள எப்டிடா இல்லன்றது? வெயில்ல கொயந்தைங்கல்லாம் நிக்குது பாரு."

"அவங்களுக்குத் தாகம் இல்லக்கா. மூணாவது சொம்ப மூக்கப் புட்ச்சிக்கினு குடிக்கிறாங்க."

"மொத சொம்பு தாகத்துக்குத்தானே குடிக்கிறாங்க? எது மொத சொம்பு, எது மூணாவதுன்னு நான் எங்க பாத்துக்கினு நிப்பேன்?"

சொல்லிவிட்டு வாளியை மறுபடியும் உள்ளே விட்டாள்.

நாலாவது பௌர்ணமி கழிந்த மறுநாள் பருப்பு வேகவில்லை. இரண்டு மணி நேரம் அடுப்பில் இருந்த பருப்பு, தட்டில் விழும்போது சத்தம் போட்டது. அக்கா ஒரு வாய் தண்ணீர் குடித்துப் பார்த்துவிட்டு உமிழ்ந்தாள். ஒரு வாரம் யாரையும் இறைக்க விடாமல் பார்த்தாள். ஊறி வந்ததும் உப்புத்தான்.

நான் ரயில்வே ஸ்டேஷன் குழாயிலிருந்து தினமும் குடம் குடமாகச் சுமந்தேன். பாவத்துக்குப் பரிகாரம் செய்கிறேன் என்று நினைப்பு. எட்டு நாள் செய்தேன். ஒன்பதாம் நாள் முதுகு பிடித்துக்கொண்டது. பரிகாரத்திலும் நான் தற்காலிக ஊழியன்தான். சாப்பிட வருகிறவர்கள் இருபது பேரானார்கள், பத்துப் பேரானார்கள். யாரும் அக்காவைக் குறை சொல்லவில்லை. வேறு இடத்துச் சோற்றுத் தூக்குச்சட்டியைக் கையில் மறைத்துப் பிடித்துக்கொண்டு, எங்கள் தெருவுக்குள் வராமல் சுற்றிக்கொண்டு போனார்கள்.

கூட்டம் மட்டும் குறையவில்லை. ஒருவர் ஒரு மடக்கு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். பக்கத்தில் நின்ற அம்மாள் அவரைக் கடிந்துகொண்டாள்: "சமுத்திர தீர்த்தங்க. உப்புக் கரிச்சாத்தான் அசலு."

அடுத்த மாதம் அக்கா பாத்திரங்களை வாடகை வண்டியில் ஏற்றினாள். நான் அண்டாவுக்கு ஒரு கை கொடுத்தேன். "என்னாலதான்க்கா" என்றேன். "நீ ஒரு வாட்டிதான்டா சொன்ன. அப்பால அவங்களா சொல்லிக்கினாங்க. யாரப் புட்ச்சிக் கேக்குறது?" என்றாள். அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

கிணற்றை வீட்டுச் சொந்தக்காரர் உடைந்த செங்கலைக் கொட்டி மூடினார். மேலே இரண்டு கடைகள் கட்டினார். பஸ்கள் மறுபடியும் முல்லைவாயலுக்குப் போக ஆரம்பித்தன.

கொருக்குப்பேட்டையில் ரயில் லைன் ஓரம் அக்காவின் தம்பி வீடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை விசாரித்துக்கொண்டு போனேன். அக்கா வாசலில் அடுத்தவர் வீட்டுப் பாத்திரங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "வாடா, டைம் ஆபீஸு!" என்றாள். கம்பெனியில் ஒவ்வொரு ஆளாகப் பெயர் சொல்லி விசாரித்தாள். அப்புறம், "சாப்ட்டியாடா?" என்று கேட்டாள்.

இரண்டு வருஷம் அவள் கையால் சாப்பிட்டிருக்கிறேன். ஒருநாளும் அவள் அப்படிக் கேட்டதில்லை, தட்டை எடுத்து வைத்துவிடுவாள். கேட்டுவிட்டு, உள்ளே தம்பி பெண்டாட்டி நின்ற பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள்.

"ஆச்சுக்கா. ஃபுல்லா துன்னுட்டுத்தான் வந்தேன்" என்றேன்.

மணி இரண்டு. காலையிலிருந்து ஒரு டீதான் குடித்திருந்தேன். இந்தப் பொய்யை மட்டும் அவள் நம்பவில்லை. நம்பினாற்போலத் தலையை ஆட்டிவிட்டு, தேய்க்கிற பாத்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

மறு வருஷம் போனேன். லைன் ஓரத்து வீடுகளை எல்லாம் இடித்து எடுத்துவிட்டிருந்தார்கள். எங்கே போனார்கள் என்று விசாரிக்க அங்கே பக்கத்து வீடும் இல்லை.