நம்பர் ஒன்றுக்கு விட்ட இடைவெளி

1. மின்னலுக்கு ஓர் ஆள்

“யாருக்கு லா அனௌன்ஸ் பண்ணப் போறீங்க? நாற்காலிக்கா?”

கணினித் திரையில் மணியம் சார் இப்படிக் கேட்டதும் கூட்டத்தில் இருந்த மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோவிட் காலம் அது. கால்பந்துக் கோப்பையின் இறுதி ஆட்டம் பார்வையாளர்கள் இல்லாமல் நடக்கப்போகிறது, மைதானத்துக்குள் விடும் ஊழியர்களையும் குறைக்க வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. ஆட்ட நிர்வாகி அவர்தான். யாரைக் குறைக்கலாம் என்று பார்த்தபோது அவர் கண்ணில் முதலில் பட்டது நான்தான்.

பகலில் எனக்குச் சாங்கி விமான நிலையத்தில் கார்கோ ஆபீஸ் வேலை. ஆட்டம் இருக்கும் மாலைகளில் ஜாலான் புசார் பக்கம் மைதானத்தில் மைக் வேலை. வாயால் பிழைக்கிறவள் என்று என் தங்கை கிண்டல் செய்வாள். உண்மையில் பாதி வேலை காதுக்குத்தான். ஆட்டத்துக்கு முன்பு உடை மாற்றும் அறையின் வாசலில் நின்றுகொண்டு, “உன் பேரை நீயே ஒரு தடவை சொல்லு” என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு வாங்குவேன். மலாய்ப் பெயர், சீனப் பெயர், ஜப்பானியப் பெயர், செர்பியாவிலிருந்து வந்தவரின் பல்லை உடைக்கும் பெயர், எதுவாக இருந்தாலும் அவன் அம்மா கூப்பிடுகிற மாதிரி என் வாயில் வர வேண்டும். வராவிட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

இன்னொரு பாதி, சும்மா இருப்பது. நம்பரையும் முதல் பெயரையும் நான் சொல்வேன். சொன்ன கையோடு மைக்கின் ஸ்விட்சைக் கீழே தட்டிவிடுவேன், இல்லாவிட்டால் கூட்டத்தின் சத்தம் மைக்குக்குள் புகுந்து ஊளையிடும். இரண்டாம் பெயரைக் கூட்டம் கத்தும். நான் விடும் அந்த இடைவெளியைத்தான் நாங்கள் கேப் என்போம். கேப் களத்தில் இறங்கும் பதினொரு பேருக்குத்தான். மாற்று ஆட்டக்காரர்களின் பெயர்களைக் கடகடவென்று வாசித்துவிட்டுப் போவதுதான் எங்கள் மைதானத்து முறை.

“சார், நடுவுல மின்னல் எச்சரிக்கை வந்தா யார் சொல்றது?” என்று கேட்டேன்.

திரையில் சிரிப்பு அடங்கியது. இந்த ஊரில் சாயங்கால வானத்தை நம்ப முடியாது. எச்சரிக்கை வந்தால் ஆட்டத்தை நிறுத்தி எல்லோரையும் உள்ளே அனுப்ப வேண்டும். அதைச் சொல்ல மைக் அறையில் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். மணியம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“சரி, வாங்க. மின்னல் அடிச்சா மட்டும் வாயத் தொறங்க.”

2. காதரின் போன்

இறுதி ஆட்டத்துக்கு முந்தைய நாள் காதர் கூப்பிட்டான். காதர் இஸ்மாயில், இறுதிக்கு வந்திருந்த ஓர் அணியின் இரண்டாவது கோல்கீப்பர். இரண்டாவது கோல்கீப்பர் என்பது பொல்லாத வேலை. முதல் கீப்பருக்கு அடிபட்டால் ஒழிய எழுந்திருக்க வேலையில்லை. காதர் பல வருடங்களாக நன்றாகப் பயிற்சி செய்தான், நன்றாக உட்கார்ந்திருந்தான். அவன் வயதுக்காரர்கள் பலர் ஓய்வு பெற்றுவிட்டார்கள். இந்த வருடத்தோடு தானும் விடப்போவதாகச் சொல்லியிருந்தான்.

அவன் அத்தா இஸ்மாயில் பாயை எனக்கு நன்றாகத் தெரியும். மகன் ஆடுகிறானோ இல்லையோ, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் வெளுத்த அரைக்கைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்துவிடுவார். என் கண்ணாடி ஜன்னலுக்குக் கீழே, கையில் கச்சாங் கடலைப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருப்பார். மாற்று ஆட்டக்காரர்களின் பெயர்களை நான் வேகமாக வாசித்து முடித்ததும் ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்ப்பார். குறை சொல்லும் பார்வை இல்லை அது. ஆனாலும் எனக்கு உறுத்தும்.

அவருக்கு மறதி முற்றிப்போய் முதியோர் இல்லத்தில் சேர்த்திருந்தார்கள். கோவிட் வந்ததும் இல்லத்துக்குள் யாரையும் பார்க்க விடவில்லை.

“அக்கா, எங்க மெயின் கீப்பருக்கு பாஸிட்டிவ். நாளைக்கு நான்தான் இறங்கறேன், நம்பர் ஒன் சட்டையும் எனக்குத்தான்.”

“அடப்பாவி, இப்பவாவது சான்ஸ் வந்துச்சே!” என்று கத்திவிட்டேன். பிறகுதான் அந்தக் கீப்பரை நினைத்து நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

“ஹோம்ல நர்ஸ் டிவி போட்டு விடறேன்னு சொல்லியிருக்காங்க. அத்தாவுக்கு இப்பல்லாம் என் முகமே ஞாபகம் இல்லக்கா. வீடியோ கால்ல யாரு நீங்கன்னு கேக்கறாரு. ஆனா அவரு பேரு காதுல விழுந்தா மட்டும் டக்குனு திரும்புறாராம். கேப் விட்டுக் கூப்பிடுங்கக்கா. ஒரே ஒரு தடவ.”

“தம்பி, ஆளே இல்லாத இடத்துல கேப் விட்டா யாரு உங்க அத்தா பேரைக் கத்துவா?”

“அதுவும் சரிதான்” என்றான். அவ்வளவு சீக்கிரம் அவன் ஒத்துக்கொண்டது எனக்குத் தாங்கவில்லை. சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை.

உடனே மணியம் சாரைப் பிடித்தேன். காதர் விஷயத்தைச் சொன்னேன்.

“பேரை வேணும்னா வாசிங்க. முழுப் பேரா, ஒரே மூச்சுல. கேப் கீப் எல்லாம் வேணாம். டிவியில லைவ் போவுது. நடுவுல சைலன்ஸ் விழுந்தா எழவு வீடு மாதிரி இருக்கும்.”

எனக்கு அதுவே போதும். “உங்க அத்தா பேரை நானே சொல்றேன் தம்பி” என்று காதருக்குச் சொன்னேன். அவனும் சந்தோஷப்பட்டான்.

3. ஸ்விட்ச்

ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா ஸ்டேஷனில் இறங்கி நடந்தேன். வழக்கமாகத் தோளில் இடிக்காமல் சிராங்கூன் ரோட்டைக் கடக்க முடியாத நாள் அது. ஞாயிறு விடுமுறைக்கு அங்கே கூடும் கட்டுமானத் தம்பிகள் எல்லோரும் கோவிடால் விடுதிகளில் அடைபட்டுக் கிடந்தார்கள். அன்றைக்கு நட்டநடுவில் நடந்து போகலாம் போலிருந்தது. அந்த நெரிசலை எத்தனை முறை திட்டியிருக்கிறேன். அன்றைக்கு யாராவது வந்து இடிக்க மாட்டார்களா என்றிருந்தது.

மைதானத்தில் பந்தை உதைக்கும் ஓசை மைக் அறை வரை தெளிவாகக் கேட்டது. மாற்று ஆட்டக்காரர்கள் காலரியில் முகக்கவசத்தோடு தள்ளித்தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். ஆம்புலன்ஸ்காரர்கள், புல் பராமரிப்பவர்கள், கேமராக்காரர்கள், அவ்வளவுதான் கூட்டம். என் ஜன்னலுக்குக் கீழே இருந்த வரிசையில் உட்காரக்கூடாது என்று டேப் ஒட்டியிருந்தார்கள்.

அணிகள் வரிசையில் நின்றன. காதர் என் ஜன்னலைப் பார்த்தான். நான் ஸ்விட்சை மேலே தட்டினேன்.

“நம்பர் ஒன். காதர்…”

சொன்ன கையோடு என் விரல் ஸ்விட்சைக் கீழே தட்டிவிட்டது.

நான் செய்யவில்லை, விரல் செய்தது. இத்தனை வருட ஆட்டங்களின் பழக்கம். மைக் செத்துவிட்டது. எந்தப் பெயரைச் சொல்வதாக வாக்குக் கொடுத்தேனோ அந்தப் பெயர் என் தொண்டையில் நிற்கிறது. மைதானம் முழுக்க ஒரு சத்தமில்லை. பாவி, கெடுத்தியே என்று என்னையே திட்டிக்கொண்டு மறுபடி ஸ்விட்சைத் தேடினேன். பதற்றத்தில் கை வேறு எதையோ தட்டியது.

“இஸ்மாயில்!”

எதிர்க் காலரியிலிருந்து வந்தது அந்தக் குரல். எதிரணியின் இரண்டாவது கோல்கீப்பர் வெய் மிங், முகக்கவசத்தை இறக்கிவிட்டு எழுந்து நின்றிருந்தான். இரண்டாவது கீப்பர்கள் எல்லா அணியிலும் ஒரே சாதி. ஆட்டத்துக்கு முன்பு மைதானத்தின் ஓரத்தில் ஒருவருக்கொருவர் பந்து போட்டுக்கொண்டே வருடங்களைக் கழித்தவர்கள். அடுத்து காதரின் அணிக்காரர்கள் கத்தினார்கள். பின்பு ஆம்புலன்ஸ்காரர்கள். “இஸ்மாயில்! இஸ்மாயில்!” என்று அந்தப் பெயர் காலியான காலரிகளில் மோதித் திரும்பி வந்தது.

வாக்கி-டாக்கியில் மணியம் சார் அலறினார். “என்னங்க இது! கேப் வேணாம்னேன்ல! கத்தக்கூடாதுன்னு ரூல் வேற இருக்கு!”

“தவறிப்போச்சு சார். இனிமே எல்லாருக்கும் விட்டாத்தான் நியாயம்.”

இருபத்திரண்டு பேருக்கும் கேப் விட்டேன். முப்பது பேர்கூட இல்லாத கூட்டம், எதிரணி என்று பார்க்காமல் எல்லாப் பெயர்களையும் கத்தியது. செர்பியாக்காரரின் பெயரை மட்டும் ஆளுக்கொரு விதமாகக் கடித்துத் துப்பினார்கள். அவரே சிரித்துவிட்டார். காதர் கோல் கம்பத்தின் பக்கம் திரும்பி நின்று கையுறையால் முகத்தைத் துடைத்தான்.

அவன் அணி தோற்றது. கார்னரிலிருந்து வந்த ஒரே ஒரு பந்து. அதற்கு முன்பு பறந்து பறந்து எத்தனையோ பந்துகளைத் தட்டிவிட்டிருந்தான். மேசைமேல் தட்டில் வைத்திருந்த வெள்ளிப் பதக்கத்தை கோவிட் கால விதிப்படி அவனே எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டான்.

மறுநாள் போன் வந்தது.

“அக்கா, நர்ஸ் பேசினாங்க. நேத்து அத்தா பேரைக் கத்தினாங்கல்ல? அப்ப உக்காந்த எடத்துலேருந்து கையத் தூக்கி, ‘இங்கதான் இருக்கேன், வந்துட்டேன், வந்துட்டேன்’னு சொன்னாராம்.”

“அல்லாவே” என்றேன். “அப்புறம் ஆட்டத்தப் பாத்தாரா தம்பி?”

“இல்லக்கா. சட்டை மாத்தி விடச் சொன்னாராம். மாத்தினதுக்கப்புறம் டிவி பக்கமே திரும்பலையாம். கூட்டிட்டுப் போக ஆள் வருவாங்கன்னு கடைசி வரைக்கும் கதவையே பாத்துக்கிட்டு இருந்தாராம்.”

இரண்டு பேரும் போனை வைக்காமல் அழுதோம்.

நான் மைக்கை விட்டுவிட்டேன். இப்போது மைக் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஸ்விட்சும் உச்சரிப்பும் சொல்லித்தர அவ்வப்போது போகிறேன். கூட்டம் குறைவான ஆட்டங்களில் அவர்கள் கேப்பைச் சுருக்கிவிடப் பார்க்கிறார்கள், வெறிச்சென்று இருக்கிறதாம். சுருக்காதீர்கள் என்கிறேன். பெயரைக் கூப்பிட்டால் நின்று கேளுங்கள். அந்தப் பக்கம் யாரோ சட்டையை மாற்றிக்கொண்டு இருக்கலாம்.