குப்பியில் மிஞ்சிய கடைசி ஊசி

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர் பலர் கொரோனா காலத்தில் அவரோடு கோபித்துக்கொண்டவர்கள்தாம். அதனால் தம்பியாகிய நான் மழுப்பாமல் எழுதுகிறேன். அக்காவுக்கும் மழுப்பல் பிடிக்காது.

ஆவடியில், அப்பா வேலை பார்த்த தொழிற்சாலைக் குடியிருப்பில் அக்கா பிறந்தார். அம்மா சீக்கிரமே தவறிவிட, எனக்குத் தலை வாரிப் பள்ளிக்கு அனுப்பியவர் அவர்தான். நர்சிங் படித்து, அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியரானார். சோறு போடும்போதுகூட யாரையாவது திட்டிக்கொண்டுதான் போடுவார்.

தடுப்பூசி வந்த நாட்களில் அவருக்கு விடுப்பே கிடையாது. வீடு திரும்பியதும் பின்பக்கக் குழாயடியில் குளித்துவிட்டுத்தான் உள்ளே வருவார். உடல் அலுப்பைவிட அவரை வாட்டியது வேறு. ஒரு குப்பியைத் திறந்தால் பத்துப் பேருக்குப் போடலாம். சில மணி நேரத்தில் தீராவிட்டால் மிச்சத்தைக் கொட்ட வேண்டும். அப்போது வயதானவர்களுக்குத்தான் முறை வந்திருந்தது. "மிஞ்சினால் கூப்பிடு" என்று நம் குடும்பத்தில் கேட்காதவர் யார்? நானும் கேட்டேன். "மிஞ்சினா அக்கம்பக்கத்துப் பெருசுங்களுக்கு. நீ மாஸ்க்கை ஒழுங்கா போடு" என்றார்.

ஒரு மாலை, குப்பியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. நெமிலிச்சேரியிலிருந்து சித்தப்பா போன் செய்தார். "ஆட்டோ ஏறிட்டேம்மா, எனக்கு எடுத்து வை."

"உங்க வயசுக்கு இன்னும் முறை வரலை சித்தப்பா. திரும்பிப் போயிடுங்க" என்று சொல்லிவிட்டு அக்கா தெருவில் இறங்கினார். எதிரே இஸ்திரி வண்டி வைத்திருந்த அம்மாள் அறுபதைத் தாண்டியவர்; ஊசி என்றாலே பயம். அவரைக் கெஞ்சியும் அதட்டியும் அழைத்து வந்து போட்டுவிட்டார்.

சில வாரங்களில் சித்தப்பா கொரோனாவில் போய்விட்டார். அந்த ஊசி அவரைக் காப்பாற்றியிருக்குமா என்பது யாருக்கும் தெரியாது. அம்பத்தூரில் பிறந்து வளர்ந்த எங்கள் சித்தி எல்லார் முன்னாலும் கேட்டார்: "கைல வெச்சிகினு சொந்தக்காரனுக்கு இல்லன்னுட்டியேடி!" அதன்பின் பேச்சே இல்லை. தான் செய்தது சரி என்று அக்கா சொல்லி நான் கேட்டதில்லை. தவறு என்றும் சொன்னதில்லை. சித்தப்பா பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவார்.

சிறுநீரகம் பழுதாகி அக்கா படுக்கையில் விழுந்த பிறகு, ஒரு காலையில் சித்தி கஞ்சியோடு வந்து நின்றார். "கோவம் போவலடி. வாயத் தொற" என்றார். அந்த நேரம் பார்த்து இஸ்திரி அம்மாளும் வந்துவிட்டார். "கடைசி ஊசின்னு சொல்லி என்ன இஸ்துகினு போயி போட்டாங்க" என்று அவர் ஆரம்பித்தார்.

சித்தி கஞ்சியைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினார். "அது உனுக்கா போட்டா?"

"ஆமாம்மா."

"இப்ப நல்லா கீறியா?"

"கீறேம்மா."

"எங்க ஊட்டுக்காரரு பங்குக்கும் சேத்து நல்லா இரு. குந்து, காப்பி குடி."

அக்கா சுவர்ப் பக்கம் திரும்பி அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். பிறகு, "எனக்குக் காப்பி கிடையாதா?" என்று கேட்டார். சித்தி தம் டம்ளரிலிருந்தே ஒரு வாய் கொடுத்தார்.

அக்காவைக் கடைசிவரை கவனித்துக்கொண்ட சக செவிலியர்களுக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி. ஊசி கிடைக்காமல் கோபித்து, அந்தக் கோபத்தோடேயே வந்து தோள் கொடுத்த சொந்தங்களுக்கும்தான். இன்று உங்கள் இலைக்கு வரும் சமையல், சித்தியும் இஸ்திரி அம்மாளும் சேர்ந்து செய்தது. உப்புக் குறைந்தால் தயங்காமல் திட்டுங்கள். அக்கா இருந்தால் திட்டியிருப்பார்.