குறைத்துச் சொன்ன எட்டு மணி நேரம்

இந்த நாட்டில் அரசாங்கம் கதவில் கடிதம் போடும் ஓட்டை வழியாக வீட்டுக்குள் வருகிறது. காலையில் தோசைக்கல் காய்ந்துகொண்டிருக்கும்போது, சத்தமில்லாமல் கால்மிதியின் மேல் வந்து விழுகிறது. பிரித்தால் 'அன்புள்ள திருமதி' என்று ஆரம்பித்து 'தங்கள் உண்மையுள்ள' என்று முடிகிறது. நடுவில் இல்லையென்று சொல்லியிருந்தாலும் அன்பில் குறை வைப்பதில்லை. எங்கள் மூங்கில்துறைப்பட்டில் அரசாங்கம் தலையாரி உருவத்தில் தெருமுனையில் நின்று அப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிடும். அன்பெல்லாம் கிடையாது, ஆனால் எதற்கு வந்தது என்று தெருவுக்கே தெரிந்துவிடும். பிராட்ஃபோர்டுக்கு வந்து ஆறு வருஷமாகியும் அந்தப் பழுப்பு உறையைக் காலால் ஒருமுறை தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் கையில் எடுக்கிறேன்.

அன்று வந்த 'இல்லை' சாதாரண 'இல்லை' அல்ல. சம்பளம் குறைவாக இருந்து, தாயும் தகப்பனும் வேலைக்குப் போனால், பிள்ளையைப் பகலில் நர்சரியில் விடும் செலவில் பெரும்பங்கை இங்கே அரசாங்கம் ஏற்றுக்கொள்கிறது. என் கணவர் செல்வம் சின்னசேலத்துக்காரர். ஓர் உணவகத்தில் நாள் முழுக்க அடுப்படியில் நிற்கிறார். நான் ஒரு முதியோர் இல்லத்தின் சலவை அறையில் வாரத்துக்கு இருபது மணி நேரம் வேலை செய்கிறேன். வேதியியல் பட்டதாரி என்பதால் சோப்புத்தூள் விஷயத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. உதவி வராவிட்டால் மூன்று வயது யாழினியின் இடத்தை வெள்ளிக்கிழமையோடு வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவோம் என்று நர்சரியில் சொல்லிவிட்டார்கள். அவள் வீட்டிலிருந்தால் நானும் வீட்டிலிருக்க வேண்டியதுதான். என் பெயர் எழுதிய அட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டு நான் போன முதல் வேலை அது. அதை விட எனக்கு மனசே இல்லை.

தப்பு யாருடையது என்றால், என்னுடையதுதான். மனு எழுதுவதில் எங்கள் குடும்பத்துக்கு அனுபவம் ஜாஸ்தி என்று செல்வத்திடம் பீற்றிக்கொண்டு விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை என்ற கட்டத்தில் இருபதுக்குப் பதிலாகப் பன்னிரண்டு என்று எழுதினேன். அரசாங்கத்திடம் கை நீட்டும்போது கொஞ்சம் குறைத்துக் காட்டுவதுதானே மரியாதை? ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷம் நான் கல்லூரியில் முதலாம் ஆண்டு. உதவித்தொகைக்கு வருமானச் சான்றிதழ் வேண்டும். கடைசி நாள் நெருங்கிவிட்டது. ரோட்டை மறித்துப் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை. வெட்டியவர்களில் என் சித்தப்பாவும் ஒருவர். "தம்பி எடம் கேட்டு மரத்த சாய்க்கிறான். நான் சர்டிபிகேட் கேட்டு மரத்த தாண்டிக்கினு கீறேன்" என்று அப்பா சைக்கிளைத் தோளில் தூக்கியபடி, கூடவே நடந்த என்னிடம் புலம்பினார். சர்க்கரை ஆலையில் கரும்பு அரவை நடக்கும் மாதங்களில் மட்டும் எடை மேடையில் அவருக்கு வேலை. அன்று கிழிந்த சட்டையாகத் தேடிப் போட்டிருந்தார். சங்கராபுரம் நெருங்கியதும் கைக்கடிகாரத்தை அவிழ்த்து என் பையில் போட்டார்.

வருவாய் ஆய்வாளர் வழியிலேயே, ஒரு மரத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். அவர் ஒப்பமிட்டால்தான் தாசில்தார் சான்றிதழ் தருவார். அதிகாரி என்று தெரிந்தால் வம்பு என்று அவர் லுங்கி கட்டி, தலையில் துண்டைச் சுற்றியிருந்தார். அப்பா எப்படியோ அடையாளம் கண்டு மனுவை நீட்டினார். சாய்ந்து கிடந்த அடிமரமே மேசையானது. ஆய்வாளர் மனுவைப் பார்க்கவில்லை. அப்பாவின் மணிக்கட்டைப் பார்த்தார். வெயிலில் கறுத்த கையில், கடிகாரம் இருந்த இடம் மட்டும் பட்டையாக வெளுத்திருந்தது.

"கையில இன்னாய்யா வெள்ளையா கீது?"

"கயிறு கட்டிக்கினு இருந்தேங்க. அவுத்துட்டேன்."

"இம்மாம் பட்டையாவா? சரி, மணி இன்னா ஆவுது?"

நான் பைக்குள் எட்டிப் பார்த்து, "பத்தே காலுங்க" என்று சொல்லித் தொலைத்தேன்.

அப்பா என்னைப் பார்த்த பார்வையில் அந்தப் பச்சை மரமே பற்றிக்கொண்டிருக்க வேண்டும். ஆய்வாளர் அப்பாவின் சட்டையைப் பார்த்தார், தன் லுங்கியைப் பார்த்தார், சிரித்துவிட்டார். "வுடுய்யா, ரெண்டு பேருமே வேசந்தான்" என்று மடியிலிருந்து ரப்பர் ஸ்டாம்பை எடுத்தார். அப்படித்தான் நான் பட்டதாரி ஆனேன்.

'இல்லை' வந்த அந்த வாரம் வியாழக்கிழமை, பிராட்ஃபோர்டில் உதவி கொடுக்கும் அலுவலகத்துக்குப் போனேன். நல்ல கோட்டை வீட்டில் வைத்துவிட்டு, முழங்கை நூல் பிரிந்த ஸ்வெட்டரோடு போனேன். விமானம் ஏறும்போது அப்பா என் கையில் கட்டிவிட்ட அதே கடிகாரத்தை வாசலிலேயே அவிழ்த்துப் பைக்குள் போட்டேன். உள்ளே ஒரு வெள்ளைக்கார அம்மா, கண்ணாடியைக் கயிற்றில் மாட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்.

"வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம்தான் வேலை செய்கிறீர்களா?"

"ஆமாம். அது அதிகமென்றால் பத்து என்று வைத்துக்கொள்ளலாம்."

"குறைத்தால் கிடைக்காது. நீங்கள் இருவருமே ஆளுக்குப் பதினாறு மணி நேரமாவது வேலை செய்ய வேண்டும்."

"அப்படியென்றால் இருபது."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னை நன்றாகப் பார்த்தார். என் வாழ்க்கையில் ஓர் அரசு அலுவலகத்தில் நான் சொன்ன முதல் உண்மை அது. பச்சைப் பொய் மாதிரி ஒலித்தது. "எதுதான் சரி?" என்றார். "இருபது சரி. பன்னிரண்டு, மரியாதைக்காக" என்றேன். கூட்டிச் சொல்லுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், குறைத்துச் சொல்லி இழக்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். சம்பளச் சீட்டு இருக்கிறதா என்று கேட்டார். வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன். சம்பளச் சீட்டை யாராவது அதிகாரியிடம் காட்டுவார்களா? நாளை நான்கு மணிக்குள் கொண்டுவரச் சொன்னார்.

பஸ் நிறுத்தத்திலிருந்து செல்வத்துக்குப் போன் போட்டேன். "இன்னாது, வேல செய்றவங்களுக்குத்தான் குடுப்பாங்களா? வேல செய்றவங்களுக்கு இன்னாத்துக்கும்மா ஒதவி?" என்றார்.

சிரிப்பு வந்தது. அப்புறம் அப்பா ஞாபகம் வந்தது. கரும்பு வண்டிகள் வரிசை கட்டி நிற்கும் மாதங்களில் வீட்டுக்கே வராமல் வேலை செய்தவர். வேலையும் செய்தார், ஏழையாகவும் இருந்தார். அவர் நின்ற மணி நேரத்தை எழுத எந்த மனுவிலும் ஒரு கட்டம் இருந்ததில்லை. இருந்திருந்தால் அந்தக் கடிகாரத்தை அவர் அவிழ்த்திருக்கவே வேண்டாம். யார் பார்த்தால் என்ன என்று அங்கேயே அழுதேன்.

மறுநாள் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு, கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, சம்பளச் சீட்டுகளோடு போனேன். அந்த அம்மா எல்லாவற்றையும் சரிபார்த்தார். நர்சரிக்கும் அவரே போன் செய்து, இடத்தை வைத்திருக்கச் சொன்னார். சுவரில் மணி மூன்று. என் கையில் எட்டரை. "உங்கள் கடிகாரமும் தப்பாக இருக்கிறதே" என்றார். "இல்லை, அது எங்கள் ஊர் மணி" என்றேன். இருபது மணி நேரத்தை நம்பியது போலவே அதையும் நம்பித் தலையாட்டினார்.

அடுத்து வந்த உறையில் அன்பும் இருந்தது, உதவியும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் போன் செய்து சொன்னேன்.

"கெடச்ச அன்னிக்கு வாட்ச்ச அவுத்து வெச்சிட்டுதான போன?" என்று கேட்டார்.

"ஆமாம்பா. பையில போட்டுக்கினுதான் போனேன்."

"அதான பாத்தேன். எந்த ஊரா இருந்தா இன்னா, ஆபீஸ் ஆபீஸ்தான்" என்று அப்பா சந்தோஷமாகச் சிரித்தார்.

வெள்ளைக்கார அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டு வந்த வாய், அப்பாவிடம் பொய் சொன்னது. போனைப் பிடித்திருந்த கையில் அவருடைய கடிகாரம், அவர் சாப்பிட உட்காரும் நேரத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.