இருமாமல் மூக்குத்தூள் போடப் பழகிய எங்கள் அக்கா

அக்கா எங்களை விட்டுப் போய் இன்று முப்பத்தொரு நாள். திருப்பலி முடிந்து, சாப்பாட்டு மேசைக்குப் போகுமுன் இந்த நினைவு மலர் உங்கள் கைகளுக்கு வந்திருக்கும். இப்படியான பக்கத்தில் வழக்கமாக என்ன எழுதியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அப்படி எழுத எனக்கும் வரும். ஆனால் அக்கா அதற்கு இடம் வைக்கவில்லை. வைத்தியசாலையில், கையில் மருந்துக் குழாயோடு, என்னைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருத்திச் சொன்னார்:

"தம்பி, நான் செத்தாப் பிறகு நீ புத்தகம் அடிப்பாய். அடி, வேண்டாமெண்டு சொல்லேல்லை. ஆனா நடந்ததை எழுது. பொறுமைசாலி, குத்துவிளக்கு எண்டு எழுதிப் போடாதை."

"சனம் என்ன சொல்லும் அக்கா?"

"என்ரை மூக்கு உடைஞ்ச நேரமும் சனம் ஏதோ சொன்னதுதானே."

ஆகவே நடந்ததை எழுதுகிறேன். வாசிக்கும் சிலருக்கு மனம் நோகும். அவர்களில் முதல் ஆள் நான்.

மன்னாரில் கடலோரக் கிராமம் ஒன்றில், நான்கு பிள்ளைகளில் மூத்தவராக அக்கா பிறந்தார். அப்பா கடற்றொழிலாளி. அக்காவுக்குப் பத்தொன்பது வயதாக இருக்கும்போது, அப்பா வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு முற்பகலில் ஷெல் விழுந்தது. பதுங்குகுழியிலிருந்து முதலில் வெளியே ஓடியவர் அக்கா. அப்பாவின் உடல் ஒரே இடத்தில் இருக்கவில்லை. அக்கா ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு வேலியோரம் வரை நடந்து, கிடந்தவற்றைப் பொறுக்கிச் சேர்த்தார். எங்களைக் கிட்ட வர விடவில்லை. "அம்மாவைப் பிடிச்சுக்கொள்ளு" என்று மட்டும் எனக்குச் சொன்னார். பிறகு படகேறி இந்தியா போனோம். அங்கே அகதி முகாமில் அம்மாவும் காலமானார். தம்பி தங்கைகளுக்கு அக்காதான் சோறாக்கினார், அடித்தார், படிப்பித்தார்.

நான் ஜெர்மனி வந்து, ஸ்டுட்கார்ட்டில் ஒரு உணவகத்தின் குசினியில் வேலை செய்துகொண்டிருந்தபோது அக்காவுக்குச் சம்பந்தம் பேசினேன். மாப்பிள்ளை எர்லாங்கன் பக்கம் இருந்தார். நிரந்தர வேலை, குடிப்பழக்கம் இல்லை என்று சொன்னார்கள். குடிப்பழக்கம் இல்லை என்பது உண்மைதான். அத்தான் எப்போதும் தெளிந்த புத்தியோடுதான் அடித்தார்.

கலியாணமாகி மூன்றாம் மாதம் முதல் அடி விழுந்தது. காரணம், கறியில் உப்பு. அதன்பின் காரணம் தேவைப்படவில்லை. இரண்டாம் வருடம், அக்காவின் பின்னந்தலையைப் பிடித்து ஹீற்றரின் இரும்பு விளிம்பில் மோதினார். மூக்கெலும்பு முறிந்தது. படியில் விழுந்ததாக அக்கா வைத்தியரிடம் சொன்னார். எலும்பு கோணலாகவே பொருந்தி, வலது மூக்குத் துவாரம் அடைபட்டுப் போனது. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஏன் இல்லை என்பதை எழுதச் சொல்லி அக்கா சொல்லவில்லை. நான் எழுதவில்லை.

இரண்டு தடவை அக்கா ரயிலேறி ஸ்டுட்கார்ட்டுக்கு என்னிடம் வந்தார். இரண்டு தடவையும் நானே அவரைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போய் விட்டேன். "கொஞ்சம் பொறுத்துப் போங்கோ அக்கா, நாளடைவிலை சரிவரும்" என்றேன். வீட்டு வாசலில் அத்தான் எனக்குக் கைகொடுத்து, தேநீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னார். குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

யூரோக் காசு கைக்கு வந்த வருடம், அக்கா தன் பாட்டில் ஒரு வேலை தேடிக்கொண்டார். பன்றி அறுக்கும் இறைச்சித் தொழிற்சாலை அது. குடல் கழுவும் கூடத்தில் இடம் கிடைத்தது. ஆறு மாதச் சோதனைக் காலம் முடிந்து வேலை நிரந்தரமானால், கணவரைச் சாராமல் தன் சொந்தக் காலில் விசாவைப் புதுப்பிக்கலாம் என்று வெளிநாட்டவர் அலுவலகத்தில் ஒரு பெண் சொல்லியிருந்தார். இதை அக்கா எனக்குக்கூடச் சொல்லவில்லை. சொன்னால் நான் அத்தானுக்குச் சொல்லிவிடுவேன் என்று நினைத்தாராம். சரியாகத்தான் நினைத்திருக்கிறார்.

அந்தக் கூடத்தின் நாற்றத்தை அக்கா எனக்கு ஒருமுறை விவரித்தார். சூடு ஆறாத குடலைக் கத்தியால் கீறி உள்ளே இருப்பதை வழித்தெடுக்க வேண்டும். முதல் நாள் மூன்று தடவை வாந்தி எடுத்தார். இரண்டாம் நாள் மேற்பார்வையாளர் வந்து, இப்படியென்றால் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார். அப்போது பக்கத்தில் வேலை செய்த ரோஸ்மரி என்ற ஜெர்மன் பெண், அக்காவின் வயதுக்காரி, சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னத் தகர டப்பாவை எடுத்து நீட்டினார். மூக்குத்தூள். அந்தப் பக்கத்து மனிதர்கள் பலருக்கு அது பழக்கம். கூடத்துக்குள் போகுமுன் வாசலில் நின்று ஆளுக்கொரு சிட்டிகை போட்டுக்கொள்வார்கள். பிறகு கொஞ்ச நேரத்துக்கு வேறு மணம் எதுவும் மூக்கில் ஏறாது.

அக்கா ஒரு சிட்டிகையை எடுத்துப் பலமாக இழுத்தார். தூள் நேரே தொண்டைக்குப் போனது. கண் இருண்டு, நெஞ்சு வெடிக்கிற மாதிரி இருமல். உள்ளே போய்க் கத்தியைக் கையில் எடுத்த பிறகும் அது நிற்கவில்லை. இருமிய வேகத்தில் கத்தி வழுகி இடது உள்ளங்கையைக் கிழித்தது. மேசையெல்லாம் இரத்தம். மேற்பார்வையாளர் அந்த மேசையில் இருந்த குடல் முழுவதையும் கழிவுத் தொட்டியில் கொட்டச் சொன்னார். "இருமுகிற ஆள் இறைச்சிக்குப் பக்கத்தில் நிற்க முடியாது. அடுத்த கிழமையும் இப்படியென்றால் முடிவுதான்" என்றார். தூள் போடாவிட்டால் வாந்தி. போட்டால் இருமல். இரண்டில் எது வந்தாலும் வேலை போய்விடும்.

ரோஸ்மரி விடவில்லை. இடைவேளைகளில் அக்காவை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பழக்கினார். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் கடுகளவு எடுக்க வேண்டும். மூக்கு நுனியில் வைத்து, பூவை மணப்பதுபோல மெல்ல ஒரே ஒரு இழுப்பு. தூள் மூக்கின் வாசலோடு நிற்க வேண்டும். உடனே வாயால் மூச்சை விட வேண்டும். நாலு நாளாகியும் அக்காவுக்கு அது வரவில்லை. ஐந்தாம் நாள் ரோஸ்மரி அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னதை, அக்கா என்னிடம் இப்படிச் சொன்னார்:

"நீ மூச்சைப் பிடிச்சு வைச்சிட்டு, பிறகு பறிச்சு இழுக்கிறாய் எண்டாள். அடி விழப்போகுது எண்டு நிக்கிற ஆக்கள்தான் இப்பிடி மூச்சு விடுறது, உன்னை ஆர் அடிக்கிறது எண்டு கேட்டாள். தம்பி, அவ்வளவு வருசத்திலை என்னை அப்பிடிக் கேட்ட முதல் ஆள் அவள்தான்."

அன்று அக்கா டப்பாவை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கோயிலால் வந்த பின், மத்தியானம், குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு பழகினார். இருமல் வந்தது. அத்தான் கதவை உதைத்துத் திறந்தார். டப்பாவைக் கண்டதும் போதைத்தூள் என்றே எடுத்துக்கொண்டார்.

"தூள் அடிக்கிறியோ? என்ரை வீட்டிலை நிண்டு தூள் அடிக்கிறியோ?"

"இது மூக்குத்தூள். வேலைக்குத்தான். கடையிலை விக்கிறாங்கள்."

அத்தான் அக்காவின் தலைமயிரைச் சுற்றிப் பிடித்து நிலத்தில் விழுத்தினார். நெஞ்சில் முழங்காலை வைத்து அழுத்தினார். டப்பாவில் இருந்த முழுவதையும் உள்ளங்கையில் கொட்டி, அக்காவின் மூக்கிலும் வாயிலும் வைத்துத் தேய்த்து, அப்படியே பொத்திப் பிடித்தார். "போடு. ஆசை தீரப் போடு" என்று சொல்லிக்கொண்டே பிடித்தாராம். ஒரு மூச்சு இழுத்தாலும் தூள் சுவாசப்பையை நிரப்பிவிடும் என்று அக்காவுக்குத் தெரிந்தது. இருமினால் அடுத்ததாக இழுக்கத்தான் வேண்டும். அக்கா தொண்டையை அடைத்துக்கொண்டார். கண்ணுக்குள் சிவப்பு ஓடியது. காது இரைந்தது. அப்படியும் இழுக்கவில்லை. அக்கா அசையாமல் போனதைக் கண்டு அத்தானின் கை கொஞ்சம் தளர்ந்தது. அந்தக் கையை அக்கா கடித்தார். பல்லில் எலும்பு தட்டும் வரை விடவில்லை என்று சொன்னார். அத்தான் கத்திக்கொண்டு பின்னால் சரிந்தபோது எழுந்து, குழாயில் முகத்தைக் கழுவி, காலுறைகூட இல்லாமல் சப்பாத்தை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தார்.

நேரே ரோஸ்மரி வீட்டுக்குத்தான் போனார். அங்கிருந்துதான் எனக்குத் தொலைபேசி எடுத்தார். அதற்கு முன்பே அத்தான் எடுத்துவிட்டார். "உன்ரை அக்கா தூளுக்கு அடிமையாகிட்டாள், வந்து தேடிக் கூட்டிக்கொண்டு வா" என்றார். மறுநாள் காலை ரயிலில் போகும்போது, மூன்றாம் தடவையும் சமாதானம் பேசத்தான் போனேன். இதை மறைக்க எனக்கு உரிமையில்லை.

அக்கா ரோஸ்மரி வீட்டுக் குசினி மேசையில் இருந்தார். முகம் வீங்கி, மூக்கைச் சுற்றித் தோல் உரிந்திருந்தது.

"அத்தானோடை ஒருக்கா கதைச்சுப் பாப்பம் அக்கா" என்றேன்.

"கிட்ட வா" என்றார். போனேன். என் கையைப் பிடித்து, விரலைத் தன் மூக்கின் மேல் வைத்தார். "அமத்திப் பார். பயப்பிடாதை. இது பழைய முறிவு. நீ முதல்தரம் கொண்டுபோய் விட்டாப் பிறகு முறிஞ்சது."

விரலுக்குக் கீழே எலும்பு ஒரு படிபோல ஒதுங்கி நின்றது.

"இப்ப சொல்லு, எங்கை கூட்டிக்கொண்டு போகப் போறாய்?"

"பொலிசுக்கு" என்றேன்.

பொலிசுக்குப் போனோம். அங்கிருந்து பெண்கள் காப்பகத்தில் இடம் கிடைத்தது. செவ்வாய்க்கிழமை அக்கா வேலைக்குப் போனார். வேண்டாமென்று நானும் சொன்னேன், வைத்தியரும் சொன்னார். "சோதனைக் காலத்திலை இன்னொரு நாள் லீவு எடுக்க ஏலாது" என்றார். கூடத்து வாசலில் ரோஸ்மரி டப்பாவைத் திறந்து நீட்டினார். புண்ணாகியிருந்த மூக்கில் அக்கா ஒரு சிட்டிகை வைத்து மெல்ல இழுத்தார். கண்ணால் நீர் ஓடியது. இருமல் வரவில்லை. எட்டு மணித்தியாலம் கத்தி பிடித்தார்.

அத்தோடு முடியவில்லை. இரண்டு கிழமை கழித்து, பின்னேரம் வேலை முடிந்து வரும்போது அத்தான் தொழிற்சாலை வாசற்படலையில் நின்றார். கையில் சைக்கிள் பூட்டும் சங்கிலி. முதல் வீச்சிலேயே அக்காவின் தோள்பட்டை எலும்பு முறிந்தது. இரண்டாவது வீச்சு முதுகில் விழுந்தது. மூன்றாவதுக்குக் கை உயர்ந்தபோது குடல் கூடத்து ஆட்கள் நாலு பேர் வந்துவிட்டார்கள். முன்னுக்கு வந்தவர், அக்காவை வேலையால் நிறுத்தப் பார்த்த அதே மேற்பார்வையாளர். சங்கிலியைப் பறித்து அத்தானை நிலத்தில் விழுத்தினார்கள். அவர் விழுந்த பிறகும் இறப்பர்ச் சப்பாத்துக் காலால் உதைத்தார்கள். இரண்டு பல் போனது, விலா முறிந்தது. ரோஸ்மரியும் உதைத்தார்.

அக்கா சுவரில் சாய்ந்து, முறிந்த தோளைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றார்.

"'காணும், விடுங்கோ' எண்டு சொல்ல எனக்கு ஜெர்மன் தெரியும்" என்று பின்னொரு நாள் சொன்னார். "சொல்லேல்லை. ஆற அமரப் பாத்துக்கொண்டு நிண்டனான். சுவாமியாரிட்டைப் பாவசங்கீர்த்தனம் செய்தனான். ஆனா பாவத்துக்கு வருந்துற மனஸ்தாபம் வரேல்லை எண்டதையும் சேத்துத்தான் சொன்னனான்."

"சுவாமியார் என்ன சொன்னார்?"

"தோள் எப்பிடி இருக்கு எண்டு கேட்டார்."

நீதிமன்றம் அத்தானுக்கு ஒத்திவைத்த தண்டனை கொடுத்து, அக்காவை நெருங்கக்கூடாதென்று தடையும் விதித்தது. அக்காவின் வேலை நிரந்தரமானது, விசாவும் கிடைத்தது. ஆனால் எங்கள் ஆட்களிடையே கதை வேறு விதமாக ஓடியது. "அவள் தூள் அடிக்கிறவளாம்" என்ற பேச்சு பாரிசுக்கும் ரொறன்ரோவுக்கும் போய், சுற்றி என்னிடமே திரும்பி வந்தது. ஜெர்மனியில் எங்கள் ஆட்கள் எடுக்கும் அடுத்த மடு மாதா திருவிழாவில், சாப்பாட்டு வரிசையில் எல்லோரும் பார்க்க அக்கா டப்பாவைத் திறந்தார். ஒரு சிட்டிகை எடுத்து, மெல்ல இழுத்து, கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தார். "இதுதான் அந்தத் தூள். ஆருக்கும் பாக்க வேணுமெண்டால் வாங்கோ" என்றார். ஒருவரும் வரவில்லை. ஆனால் அன்று பின்னேரம் ஒரு இளம் பெண் கார் நிறுத்துமிடத்தில் அக்காவைத் தேடி வந்து, சட்டைக் கையை மடித்துத் தன் கையைக் காட்டினாள். அவள் மூன்று மாதம் அக்கா வீட்டில் இருந்தாள். அவளுக்குப் பின் இன்னும் இருவர் வந்து தங்கினார்கள். அவர்களின் பெயர்களை எழுத மாட்டேன்.

உலகக் கிண்ணப் போட்டி ஜெர்மனியில் நடந்த கோடை, அக்காவின் வாழ்வில் நல்ல கோடை. ரோஸ்மரியோடு தெருத் திரையில் விளையாட்டுப் பார்த்து, முகத்தில் வர்ணம் பூசிப் படமும் எடுத்திருக்கிறார். மலரின் அட்டையில் அந்தப் படத்தைப் போட வேண்டாம் என்று பெரியவர்கள் சொன்னதால் உள்ளே போட்டிருக்கிறேன். அடுத்த வருடம் கணையத்தில் புற்றுநோய் கண்டது. மூக்குத்தூளால் வந்ததோ என்று அக்காவே வைத்தியரிடம் கேட்டார். அப்படிச் சொல்ல முடியாது என்று வைத்தியர் சொன்னார். நோவு மிகக் கொடியதாக இருந்தது. கடைசி மூன்று நாள் மருந்துக்கும் நோவு அடங்கவில்லை, அக்கா கட்டில் கம்பியைப் பிடித்த பிடியில் விரல் நகங்கள் கறுத்துப் போயின. நாலாம் நாள் காலை, ரோஸ்மரியும் என் மனைவியும் ஆளுக்கொரு கையைப் பிடித்திருக்க, அக்கா காலமானார்.

அடக்கத்துக்கு அத்தான் வந்தார். சேமக்காலை வாசலில் நான் மறித்தேன்.

"நான் அவளின்ரை புருஷன்."

"ஓம். அதாலைதான் வரவேண்டாமெண்டுறன்."

அவருடைய கை மேலே வந்தது. எனக்கு மூச்சு தானாக நின்றுபோனது. அக்கா நாலு வருடம் எப்படி மூச்சு விட்டார் என்று அந்தக் கணத்தில்தான் எனக்குத் தெரிந்தது. அந்தக் கை விழவில்லை. அவர் திரும்பிப் போய்விட்டார்.

அக்காவைக் கடைசி வரை பார்த்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், காப்பகத்துச் சகோதரிகளுக்கும், சுவாமியாருக்கும், பெட்டி தூக்கிய குடல் கூடத்துத் தொழிலாளருக்கும், இன்றைய சாப்பாட்டைச் சமைத்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. ரோஸ்மரிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அவருக்கான நன்றியை இன்று நேரில் சொல்லுவேன்.

அக்காவின் வீட்டை நாங்கள் விடவில்லை. நானும் மனைவியும் ஸ்டுட்கார்ட்டை விட்டு அங்கே குடிவந்துவிட்டோம். சின்ன அறையில் கட்டில் விரித்தபடி இருக்கிறது. இந்த மலரை வாசிக்கும் சகோதரிகளில் யாருக்காவது அது தேவைப்பட்டால் எந்த நேரமும் வாருங்கள். கதவைத் திறந்து, உள்ளே இருத்தி, சாப்பாடு தந்த பிறகுதான் பெயரையே கேட்போம்.

இப்படிக்கு,
தம்பி