ஐந்து சுற்று முறுக்கும் தண்ணீரில் வந்த டிராமும்

சுந்தரவல்லிக்கு 2024-ஆம் ஆண்டு கோடையில் அறுபத்து மூன்று வயது. லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் பழைய வீட்டின் மூன்றாவது மாடியில், மொட்டைமாடிக்கு நேர் கீழே, இரண்டு அறைகள் அவளுடையவை. சமையலறைக்கு ஒரே ஒரு ஜன்னல்; அதுவும் மேற்குப் பார்த்தது. நான் முதல் மாடியில் இருக்கிறேன்.

அவள் பிறந்தது இதே தெருவில், எட்டு வீடு தள்ளி. கணவர் ஜெயராமன் சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் வேலை பார்த்தவர். 2009 நவம்பரில் காலமானார். மகள் ஹம்சினி நியூ டவுனில் பன்னிரண்டாவது மாடியில் குடியிருக்கிறாள். சுந்தரவல்லி கல்யாணங்களுக்கும் சிராத்தங்களுக்கும் பக்ஷணம் செய்து கொடுப்பவள். இந்தப் பெங்காலி ஊரில் உள்ள தமிழ்க் குடும்பங்களில் சீர்முறுக்கு என்றால் அவள் கை முறுக்குதான். மாவைக் கயிறுபோல விரலால் திரித்துத் திரித்து, ஒரு ஈரத் துணியின் மேல் ஐந்து சுற்று. ஆறாவது சுற்று கிடையாது. நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன், தவறியதே இல்லை.

அந்த வேலைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. அரிசியைக் களைந்து, நிழலில் உலர்த்தி, இடித்து, அன்றே மாவு பிசைந்து அன்றே சுட வேண்டும். உதவிக்கு வரும் ஷெஃபாலி கானிங் பக்கத்திலிருந்து லோக்கல் ரயிலில் வந்து சேரப் பத்தே முக்கால் ஆகிவிடும். ஆக, எண்ணெய் காயும்போது மணி பன்னிரண்டு. மூன்றரை வரை அடுப்பு எரியும். காற்றாடி போட்டால் சுடர் அலையும் என்று போடமாட்டாள். மடியாகச் செய்வதால், கடைசி ஈடு எடுக்கிறவரை ஒரு வாய் தண்ணீர் கூடக் குடிக்கமாட்டாள். வாயில் எதுவும் படாமல் செய்கிறாள் என்ற நம்பிக்கையில்தான் ஆர்டர் வருகிறது என்பது அவள் எண்ணம்.

மே 17-ஆம் தேதி மாலை ஐந்து மணிக்கு, உடைந்த முறுக்குகளை ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள்.

"மாமா, இன்னிக்கு ஒரு வேடிக்கை. தூங்காமலே கனவு கண்டேன்."

"எப்போ?"

"உங்களுக்கு மணி வேணுமாக்கும். ரெண்டு, ரெண்டேகால். கை சுத்திண்டேதான் இருந்தது. தெருச் சத்தம் எல்லாம் அடங்கிப் போச்சு. எட்டிப் பார்த்தா ராஷ்பிஹாரி அவென்யூ முழுக்கத் தண்ணி. பச்சையா, கண்ணாடி மாதிரி. அது மேல ஒரு டிராம் வரது. கம்பி இல்லை, தண்டவாளம் இல்லை. ஜன்னலுக்கெல்லாம் வெள்ளைத் திரை போட்டிருக்கா. சத்தமே இல்லாம போயிடுத்து. அது போன காத்து மட்டும் மூஞ்சில பட்டுது. ஐஸ் பெட்டியைத் திறந்தா வருமே, அந்தக் காத்து."

சொல்லும்போது அவள் முகம் தெளிந்திருந்தது. காலையில் குளித்துவிட்டு வந்தவள் போல இருந்தாள். நான் தேதி போட்டு எழுதிக்கொண்டேன். அலிப்பூரில் வானிலைக் கணக்கெடுப்பில் முப்பத்தாறு ஆண்டுகள் இருந்தவன். எதையும் எழுதி வைப்பது கைப்பழக்கம். மொட்டைமாடியில் ஒரு வெள்ளை மரப்பெட்டிக்குள் இன்றும் எனக்கென்று வெப்பமானிகள் வைத்திருக்கிறேன்.

மே 24-ஆம் தேதி டிராம் மீண்டும் வந்தது. அன்று அது நிறுத்தத்தில் வேகத்தைக் குறைத்தது. தண்ணீருக்கு அடியில் கடைகளின் பெயர்ப்பலகைகள் வாசிக்கத் தெரிந்தனவாம். பூக்கடைச் சாமந்திகள் தண்டோடு நின்று மெல்ல ஆடினவாம். ஜூன் 3-ஆம் தேதி டிராம் நின்றது. கண்டக்டர் படியில் நின்று கையை நீட்டினார்.

"முகம் தெரிஞ்சுதா?" என்று கேட்டேன்.

"முகத்தை யார் பார்த்தா? கை ஈரமா இருந்தது மாமா. அவ்வளவு குளிர்ச்சி."

பக்கத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த ஷெஃபாலி சிரித்தாள். சுந்தரவல்லி அவளுக்கு மாஷி, அதாவது சித்தி. பெங்காலியில் சொன்னாள்: "மாஷிக்கு வருகிற தண்ணீர் நல்ல தண்ணீர். எங்கள் ஊருக்குப் புயலோடு வந்தது கட்டில் வரைக்கும் ஏறியது. உப்பு. மூன்று வருஷம் வயலில் ஒன்றும் முளைக்கவில்லை."

"அப்போ நீயும் என் டிராமில ஏறிக்கோடி."

"டிக்கெட் யார் எடுப்பார்?"

"கண்டக்டர் நம்மாத்து மனுஷா மாதிரிதான் இருக்கார். கேட்க மாட்டார்."

அன்று மாலை நோட்டைப் புரட்டியபோது ஒன்று கண்ணில் பட்டது. ஏப்ரல் கடைசியில் ஊரே கொதித்தது. வெளியே போகாதீர்கள் என்று வானொலியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அந்த நாட்களில் அவளுக்குக் கனவு வரவில்லை. கனவு வந்த மூன்று நாட்களும் அதைவிட நான்கைந்து டிகிரி குறைவானவை. ஆனால் காற்றில் ஈரம் மிகுந்தவை.

அலிப்பூரில் நாங்கள் இரண்டு வெப்பமானிகளை அருகருகே வைப்போம். ஒன்றின் குமிழில் ஈர மஸ்லின் துணி சுற்றியிருக்கும். துணியிலிருந்து தண்ணீர் ஆவியாக ஆக அந்தக் குமிழ் குளிரும். மனித உடம்பு வியர்வையால் தன்னைக் குளிர்விப்பதும் இதே வழியில்தான். காற்றில் ஈரம் நிறைந்துவிட்டால் துணியும் காயாது, வியர்வையும் காயாது. அந்த ஈரக்குமிழ் முப்பத்தைந்தைத் தொட்டால், நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் திடகாத்திரமான ஆள்கூடச் சில மணி நேரத்துக்கு மேல் தாங்கமாட்டார் என்கிறார்கள். வயதானவர்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதே இல்லை.

மறுநாள், அவள் அடுப்பு எரியும் நேரத்தில், கையால் சுழற்றிப் பார்க்கும் ஒரு ஜோடி வெப்பமானியை எடுத்துக்கொண்டு மேலே போனேன். மரச்சட்டத்தில் பொருத்திய அதைச் சுழற்றினால் கடகடவென்று சத்தம் வரும்.

"என்ன மாமா, இந்த வயசுல கிலுகிலுப்பை?" என்றாள் சுந்தரவல்லி.

உலர் குமிழ் 41.2. ஈரக்குமிழ் 31.4. மொட்டைமாடிப் பெட்டிக்குள் அதே நேரம் ஈரக்குமிழ் 28.6 தான். முப்பத்தாறு ஆண்டுகள் விதிப்படி நிழலில், காற்றோட்டத்தில் வைத்துப் பார்த்த எண்கள் எல்லாம் சரியான எண்கள்தாம். ஆனால் அந்தப் பெட்டிக்குள் யாரும் முறுக்குச் சுடவில்லை.

நான் பிறந்தபோது இந்த நாட்டில் சராசரி ஆயுள் முப்பதுகளில் இருந்தது. இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. தடுப்பூசி, குழாய்த்தண்ணீர், ரேஷன் அரிசி என்று ஒவ்வொன்றாய்ச் சேர்ந்து அந்த ஆண்டுகளைக் கொடுத்தன. கூடிய அந்த ஆண்டுகள் குறையவும் கூடும் என்று அந்தச் சமையலறையில் நின்றபோதுதான் முதல் முறையாகத் தோன்றியது.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்: அவள் டிராமில் ஏறுகிறாளா என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆசையாக இருந்தது. ஆறு நாட்கள் மாலை ஐந்து மணிக்காகக் காத்திருந்தேன்.

ஜூன் 9-ஆம் தேதி வந்து சொன்னாள்: "ஒரு கால் எடுத்து வச்சுட்டேன் மாமா. படி சில்லுனு இருந்தது. உள்ள எல்லாரும் கண்ணை மூடிண்டு உட்கார்ந்திருக்கா. ஒரு இடம் காலி. அதுக்குள்ள இந்த ஷெஃபாலி பாத்திரத்தைப் போட்டுட்டா."

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் நோட்டோடு மேலே போனேன். தேதிகளையும் எண்களையும் காட்டினேன். உடம்பின் சூடு ஏறி மூளையைத் தொடும்போது வருவது இது. கனவு என்று நினைக்காதே என்றேன். அடுத்த முறை ஏறிவிட்டால் இறங்குவது உன் கையில் இல்லை என்றேன்.

அவள் அரிசியைத் துணியில் பரப்பிக்கொண்டே கேட்டாள். துணியின் ஓரத்தை இழுத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"பன்னெண்டுலேர்ந்து மூன்றரை வரைக்கும் நான் எங்க நிக்கறேன்னு உங்களுக்குத் தெரியுமா? அதுல பத்து நிமிஷம் எனக்குக் குளிர்ச்சியா இருக்கு. அதையும் நோட்டுல போட்டு மூடணுமா?"

"வெள்ளிக்கிழமை ஆர்டரை விட்டுடு."

"நாகரத்தினம் மாமி பொண்ணு கல்யாணம். இருபத்தொரு ஜோடி கை முறுக்கு. விட்டா இந்த ஊர்ல யார் பண்ணுவா, நீங்களா?"

"தண்ணியாவது குடி."

"சுட்டு முடிச்சப்புறம்."

நான் ஹம்சினிக்குப் போன் செய்தேன். அவள் அம்மாவிடம் பேசியது எனக்கும் கேட்டது. "அம்மா, ப்ளீஸ், சலே எஸோ, வந்துடு. இங்க ஏசி இருக்கு. நீ சும்மா இருந்தாப் போதும்."

"சும்மா இருக்கத்தான் எனக்குத் தெரியலைடி" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

ஜூன் 14, வெள்ளிக்கிழமை. மழை வருவதாகப் போக்குக் காட்டி வராமல் நின்ற நாள். வானம் வெளுத்த சாம்பல் நிறத்தில் கூரை மேலேயே இறங்கி உட்கார்ந்ததுபோல் இருந்தது. ஓர் இலை அசையவில்லை. பன்னிரண்டு மணியிலிருந்து அரை மணிக்கு ஒரு முறை மேலே ஏறினேன். ஈரக்குமிழ் 30.8. பிறகு 31.5. ஒன்றரைக்கு 32.1.

அப்போது அவள் கையைப் பார்த்தேன். காலையிலிருந்து வழிந்துகொண்டிருந்த வியர்வை நின்றிருந்தது. முழங்கைவரை காய்ந்த சிவப்பு. முகத்தில் புன்னகை. விரல்கள் மாவைத் திரித்துக்கொண்டே போயின. மூன்று, நான்கு, ஐந்து. நிற்கவில்லை. ஆறு. ஏழு. முறுக்கு துணியின் மேல் குளத்தில் விழுந்த கல்லின் வளையம்போல் விரிந்துகொண்டே போனது. ஒவ்வொரு திரிப்பும் ஒரே அளவு. அவ்வளவு அழகான முறுக்கை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஒன்பதாவது சுற்று வரை நின்று பார்த்தேன்.

"சுந்தரவல்லி."

"வந்துடுத்து மாமா" என்றாள் மெல்ல. "நமக்காக நின்னுண்டிருக்கு."

ஷெஃபாலியைக் கூப்பிட்டேன். நான் அடுப்பை அணைத்தேன். அவள் மாஷியை இடுப்பில் கைகொடுத்துத் தூக்கினாள். மடியும் தீட்டும் யாருக்கும் நினைவில்லை. படிக்கட்டுத் திருப்பத்தில் சுவர் கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்கும். அங்கே சாய்த்து, வாளி வாளியாகத் தலையிலும் தோளிலும் ஊற்றினோம். ஷெஃபாலி முறத்தால் விசிறிக்கொண்டே அவளை ஓயாமல் திட்டினாள்; அழுகையும் வந்தது. தெருமுனை டாக்டரை அழைத்துவர, கீழ் வீட்டுக்காரர் ஓடினார். பதினோரு நிமிடம் கழித்து அவள் கண் என் முகத்தில் வந்து நின்றது.

"எண்ணெயை இறக்கினேளா?"

"அணைச்சாச்சு."

கண்ணை மூடிக்கொண்டாள். "உட்கார்ந்துட்டேன் மாமா. ஜன்னல் பக்கம். யாரோ தோளைப் பிடிச்சு இழுத்து இறக்கிட்டா."

"ஷெஃபாலிதான்."

"பாவி" என்றாள். ஆனால் ஷெஃபாலியின் கையை விடவில்லை. செம்பை நீட்டினேன். தூக்கிப் பிடித்துக் குடிக்கத் தெம்பில்லை. வாய் வைத்தே குடித்தாள். முழுச் செம்பு. டாக்டர் வந்து சேர்ந்தபோது இன்னொன்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் நாகரத்தினம் மாமி பார்க்க வந்தார். சுந்தரவல்லி ஒன்றையும் மறைக்கவில்லை. பாதியில் விழுந்ததையும், எல்லாரும் தொட்டதையும், மடி கெட்டதையும் சொல்லி, வேறு இடத்தில் கொடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். மாமி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எங்க அம்மா அம்பத்தோரு வயசுல போனா" என்றார். "சித்திரை மாசம், சிராத்தச் சமையல் பண்ணிண்டிருந்தா. பட்டினியா. மயக்கம்னு சொன்னா. நாங்களும் மயக்கம்னுதான் நினைச்சோம்." பிறகு எழுந்து, "அஞ்சு சுத்து வேண்டாம். மூணு சுத்தாப் பண்ணு. தண்ணி குடிச்சுண்டு பண்ணு. கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்" என்றார்.

இப்போது முறுக்குச் சுடும் நாளுக்கு முந்தின மாலையே ஷெஃபாலி வந்து தங்கிவிடுகிறாள். அரிசி முன்னிரவில் உலர்கிறது. விடியற்காலை நாலரைக்கு அடுப்புப் பற்றவைத்து எட்டரைக்குள் முடித்துவிடுகிறார்கள். சித்திரை முதல் ஆனி வரை அதற்குமேல் எண்ணெய்ச் சட்டி ஏறாது என்று சுந்தரவல்லியே எல்லாருக்கும் சொல்லிவிட்டாள். இரண்டு குடும்பங்கள் ஆர்டரை நிறுத்திக்கொண்டன.

"இன்னும் எத்தனை கோடை மாமா எனக்கு?" என்று ஒருநாள் கேட்டாள்.

"தெரியாது. தெரியாததை நான் எழுதறதில்லை. உன் சமையலறையில் விடியற்காலை ஈரக்குமிழ் இருபத்தெட்டு. அது தெரியும்."

"அடுத்த வருஷம்?"

"அடுத்த வருஷம் பார்க்கணும்."

அடுத்த ஆண்டு ஜூனில் ஒரு காலை, ஐந்தே கால் மணிக்கு மேலே போனேன். ஜன்னலில் வெளுப்பு இறங்கிக்கொண்டிருந்தது. தெருவில் பால் வண்டி வந்தது, நாய் குரைத்தது, யாரோ தண்ணீர்ப் பம்பைப் போட்டார்கள். எல்லாச் சத்தமும் இருந்தது. அவள் மூன்று சுற்றில் முறுக்கை நிறுத்தி, நெற்றி வியர்வையைத் துடைத்து, செம்பை உயரத் தூக்கினாள்.

"ஒண்ணும் வரலை மாமா" என்றாள் இரண்டு மடக்குக்கு நடுவே. "வெறும் தெருதான்."

அதைச் சொல்லும்போது கொஞ்சம் ஏங்கினாள் என்பதை நான் பார்த்தேன். பிறகு செம்பை மீண்டும் தூக்கி, மீதியையும் குடித்தாள்.