தள்ளித் தள்ளிப் போட்ட நாற்காலிகள்

எங்கள் மாதா கோயிலில் இப்போது ஞாயிறு பூசை வெளி மைதானத்தில்தான். கொரோனாவால் ஆறடிக்கு ஒரு நாற்காலி. வருகிறவர்களை வரவேற்று உட்கார வைப்பது என் வேலை.

இன்று காலை, நெற்றியில் திருநீறோடு ஒரு அம்மா கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்.

"உள்ள வாங்கம்மா."

"நான் வேதக்காரி இல்லைங்க, உங்க மதம் இல்லை. வூட்டுக்காரர் போன மாசம் கொரோனாவுல போயிட்டாருங்க. எனக்கு டெஸ்ட்டுல ஒண்ணும் இல்லைன்னு வந்துருச்சு. ஆனாலும் தெருவுல யாரும் கிட்ட வர்றதில்லைங்க."

என் கால் தானாக ஓரடி பின்னால் போனது. அவர் அதைப் பார்த்துவிட்டார். எனக்கு வெட்கமாகிவிட்டது.

"இங்க எல்லாருமே தள்ளித்தானே உக்காந்திருக்கீங்க? என்னை மட்டும் ஒதுக்கி வெச்ச மாதிரி தெரியாது. ஒரு ஓரமா உக்காந்துக்கட்டுங்களா?"

நடுவரிசையில் உட்கார வைத்தேன்.

பூசையில் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சமாதானம் சொல்லும் நேரம் வந்தது. இப்போது கை கொடுப்பதில்லை, கும்பிடு மட்டும்தான். நாலு பக்கமிருந்தும் ஆட்கள் அவர் பக்கம் திரும்பிக் கும்பிட்டார்கள். அவர் எழுந்து நின்று ஒவ்வொருவரையும் திருப்பிக் கும்பிட்டார். பாட்டு தொடங்கிய பிறகும் நிறுத்தவில்லை.

போகும்போது, "அடுத்த வாரமும் உண்டுங்களா?" என்று கேட்டார்.

தலையாட்டிச் சிரித்தேன். மாஸ்க்குக்குள் சிரித்தது அவருக்குத் தெரிந்ததா என்றுதான் தெரியவில்லை. மாஸ்க்கோடு ஆட்களை வரவேற்கிற நீங்களெல்லாம் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?